கீழாநெல்லி: காய் கீழே இருந்தால் மட்டும் போதாது

மழை பெய்து இரண்டு வாரம் ஆனால் வரப்பு, வாழைத்தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், கிணற்றடி என்று ஈரம் நிற்கும் இடமெல்லாம் முளைத்துவிடும் சிறு செடி கீழாநெல்லி. களையெடுப்பவருக்கு அது களை. காமாலை வந்தவர் வீட்டில் அது மருந்து. நாட்டு மருந்துக் கடைக்கு அது மூட்டைக் கணக்கில் வந்து இறங்கும் சரக்கு.

இவ்வளவு பழக்கமான செடியைப் பிடுங்கி வரச் சொன்னால் பத்துப் பேரில் சிலராவது வேறு செடியைக் கொண்டு வருவார்கள். காரணம், "இலைக்குக் கீழே காய் இருந்தால் கீழாநெல்லி" என்ற ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு தேடுவதுதான். நம் நிலங்களில் இலைக்குக் கீழே காய் தொங்கும் நெல்லிக் களைகள் நான்கைந்து உண்டு. எல்லாம் ஒரே இனத்தின் பங்காளிகள், ஆனால் ஒரே செடி அல்ல. பறித்து விற்பவருக்கும், சாகுபடி செய்ய நினைப்பவருக்கும், அரைத்துக் குடிப்பவருக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

பெயரும் குடும்பமும்

தாவரவியலில் கீழாநெல்லியின் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். பில்லாந்தஸ் என்றால் கிரேக்க மொழியில் இலையும் பூவும் சேர்ந்த சொல். அமாரஸ் என்றால் லத்தீனில் கசப்பு. கிலோ கணக்கில் காய்க்கும் பெருநெல்லி மரமும், வீட்டு வாசலில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் அரநெல்லியும் இதே பில்லாந்தஸ் பேரினம்தான். நம் ஊர்ப் பெயர் வைத்தவர்கள் இதைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள். தமிழில் மட்டுமல்ல, தெலுங்கில் நேல உசிரி, கன்னடத்தில் நெல நெல்லி, வடமொழியில் பூமியாமலகீ. எல்லாவற்றுக்கும் பொருள் தரையில் வளரும் நெல்லி என்பதே.

பழைய புத்தகங்களில் கீழாநெல்லிக்கு பில்லாந்தஸ் நிரூரி என்று போட்டிருக்கும். இன்றும் பல மருந்துப் புட்டிகளின் லேபிளில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய வேறொரு செடி; அது நம் நாட்டில் வளர்வதில்லை. நம் நாட்டில் வளரும் மூன்று தனிச் செடிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பி அந்தப் பெயரில் எழுதிவிட்டார்கள் என்பதைப் பிற்காலத் தாவரவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். அந்த மூன்றில் ஒன்றுதான் அமாரஸ். 1827-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா கடற்கரைச் செடிகளைப் பற்றி வந்த நூலில் இந்தப் பெயர் முதலில் இடப்பட்டது. ஆனால் இதன் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்காவாக இருக்க வேண்டும் என்பதே இன்று தாவரவியலாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் கீழாநெல்லி என்ற பழைய பெயரை ஒரே செடிக்கு உரியதாகக் கொள்ளாமல், ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் ஒரு கூட்டத்துக்கே உரியதாகக் கொள்வதுதான் நியாயம். அதனால் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கூட்டத்தில் எது வேண்டுமானாலும் வந்து சேரும்.

முன்பு இந்தப் பேரினத்தை ஆமணக்குக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். இப்போது நெல்லிக் குடும்பம் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். மரபணு ஆய்வால் வந்த முடிவு என்றாலும் அதன் தடயத்தை நீங்கள் கையிலேயே பார்க்கலாம். ஆமணக்குக் காயில் மூன்று அறை, அறைக்கு ஒரு முத்து, ஆக மூன்று முத்து. கீழாநெல்லிக் காயிலும் மூன்று அறைதான், ஆனால் அறைக்கு இரண்டு விதை, ஆக ஆறு. இன்னொன்று, அம்மான் பச்சரிசியைக் கிள்ளினால் பால் வரும். கீழாநெல்லியைக் கிள்ளினால் வராது.

கிளையா, இலையா?

இந்தச் செடியில் கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இதைப் புரிந்துகொண்டால் அடையாளம் காண்பதில் பாதி வேலை முடிந்தது. பிறகு அறுவடையில் நஷ்டம் வராமல் காப்பதும் இதே விஷயம்தான்.

செடி ஒரு சாண் முதல் இரண்டு அடி வரை நிமிர்ந்து வளரும். நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் மெல்லிய குச்சிகள் கிளம்பும். ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு வரிசையாக 15 முதல் 30 வரை குட்டி இலைகள். பார்த்தவுடன் கொழுஞ்சி இலை, தொட்டாற்சிணுங்கி இலை போல இது ஒரு கூட்டிலை, அந்தக் குட்டி இலைகள் சிற்றிலைகள் என்றுதான் தோன்றும். அப்படி அல்ல. அந்தக் குச்சி ஒரு கிளை. குட்டி இலை ஒவ்வொன்றும் முழு இலை.

எப்படித் தெரியும்? பூவும் காயும் இருக்கும் இடத்தைப் பாருங்கள். எந்தச் செடியிலும் இலை தண்டோடு சேரும் கக்கத்தில்தான் மொட்டு வரும். சிற்றிலையின் அடியில் வராது. கொழுஞ்சியின் கூட்டிலையில் எந்தச் சிற்றிலையின் அடியிலும் காயைக் காண முடியாது. கீழாநெல்லியிலோ குட்டி இலை ஒவ்வொன்றின் கக்கத்திலும் ஒரு பூ அல்லது காய் இருக்கும். ஆகவே அது சிற்றிலை அல்ல, இலை. குச்சியைத் திருப்பினால் காய்கள் வரிசையாகத் தொங்குவதற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் நடுத்தண்டில் இலை இல்லையா? பெயருக்குத்தான் இருக்கிறது. பக்கக் கிளை கிளம்பும் கணுவை உற்றுப் பார்த்தால் ஒரு சிறு செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுத்தண்டு இலை அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. நாற்றாக இருக்கும்போது அடிப்பகுதியின் முதல் சில கணுக்களில் மட்டும் சாதாரண இலை வரும். அதற்கு மேல் செதில்தான். இலை தாங்குவதும் பூப்பதும் காய்ப்பதும் முழுக்கப் பக்கக் கிளைகளின் வேலை. வயதானால் அந்தக் கிளை ஒரு கூட்டிலை உதிர்வதுபோல முழுதாகக் கழன்று விழும். பெருநெல்லித் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மரத்தடியில் இலைக் குச்சிகள் குச்சியோடு உதிர்ந்து கிடப்பது அங்கேயும் இதே அமைப்பால்தான்.

மாலையானால் இலைகள் மடிந்து தூங்கிவிடும். இருட்டிய பிறகு பார்த்தால் செடி வாடியதுபோலத் தெரியும். அடையாளம் பார்ப்பதும் பறிப்பதும் காலை வெயிலில் செய்ய வேண்டிய வேலை.

பூவும் காயும்

பூ இருப்பது பலருக்குத் தெரியாது. வெளிர்பச்சை நிறத்தில் கடுகைவிடச் சிறிதாக இருக்கும். அல்லி இதழ் கிடையாது; வெளியே தெரிவது புல்லி இதழ்கள். ஆண்பூ, பெண்பூ இரண்டும் ஒரே செடியில், ஒரே கிளையில். கிளையின் அடிக் கக்கங்களில் ஆண்பூக்கள். அதைத் தாண்டி நுனி வரை பெரும்பாலும் கக்கத்துக்கு ஓர் ஆண்பூவும் ஒரு பெண்பூவும் ஜோடியாக இருக்கும். பங்காளிச் செடிகளில் இந்த ஜோடி அமைப்பு இப்படி இருப்பதில்லை.

புல்லி இதழ்களை எண்ணுவது இன்னும் உறுதியான வழி. கீழாநெல்லியில் ஐந்து. அதைப்போலவே இருக்கும் மற்றவற்றில் ஆறு. காய் முற்றிய பிறகும் புல்லி இதழ்கள் காயின் காம்புப் பக்கம் நட்சத்திரம்போல ஒட்டிக்கொண்டிருப்பதால் பூ உதிர்ந்துவிட்டாலும் எண்ணலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் பத்து ரூபாய் லென்ஸ் போதும். செல்போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியும்.

காய் இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில், பூசணியை மேலிருந்து அமுக்கியதுபோல இருக்கும். மேல்தோல் வழவழப்பு. குட்டிக் காம்பில் தொங்கும். விதை ஆரஞ்சுச் சுளையைப்போல மூன்று பட்டையாக, ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான அளவில், பழுப்பு நிறத்தில் இருக்கும். விதையின் முதுகில் நெடுக்காக ஐந்து முதல் ஏழு கோடுகள் ஓடும்.

பங்காளிகள் யார் யார்?

மேலாநெல்லியிலிருந்து தொடங்கலாம். இதன் தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ். மதராஸ்பட்டினத்தின் பெயரால் 1753-ல் லின்னேயஸ் வைத்தது. நம் சென்னை அப்படி ஒரு களைச்செடியின் பெயரில் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. கரிசல் நிலத்திலும் சாலை ஓரங்களிலும் நிறைய உண்டு. பெயரை நம்பி இலைக்கு மேலே காயைத் தேடாதீர்கள். இதிலும் காய் இலைக் கக்கத்தில் குட்டிக் காம்பில்தான் இருக்கும். இதைப் பிரிப்பது எளிது. நடுத்தண்டிலும் இலை இருக்கும். மேலே விவரித்த கூட்டிலை போன்ற அமைப்பு இதில் கிடையாது. இலையின் நுனி அகன்று, அடி குறுகி, ஆப்பு வடிவில் இருக்கும்.

சிவப்புக் கீழாநெல்லி என்று சொல்லப்படுவது பில்லாந்தஸ் யூரினேரியா. இதுதான் அதிகம் ஏமாற்றும். கிளை அமைப்பு அச்சாகக் கீழாநெல்லி போலவே இருக்கும், காய்களும் கிளைக்கு அடியில் அணிவகுத்து நிற்கும். ஆனால் தண்டிலும் காயிலும் சிவப்பு ஓடும். காய்க்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம், கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காயின் தோல் சொரசொரப்பு. விதையை உதிர்த்துப் பார்த்தால் கோடுகள் நெடுக்காக இல்லாமல் குறுக்காக ஓடும். இலை ஓரத்தை விரலால் தடவினாலும் லேசாக உறுத்தும்.

டெபிலிஸ், ஃப்ராட்டர்னஸ் என்ற இரண்டும் மீதிக் குழப்பத்துக்குக் காரணம். டெபிலிஸின் இலை இரண்டு முனையிலும் கூர்மையாகக் குறுகும்; கீழாநெல்லி இலையின் நுனி மழுங்கியிருக்கும். ஃப்ராட்டர்னஸ் செடியில் புல்லி இதழின் ஓரத்தில் அகலமான வெள்ளைக்கரை இருக்கும். இரண்டிலும் புல்லி ஆறு. இந்த இரண்டுக்கும் நம் ஊரில் தனிப்பெயர் இல்லை. எல்லாம் கீழாநெல்லி என்றே போகிறது.

ஆக வயலில் நின்று பார்க்கும்போது முதலில் நடுத்தண்டில் இலை இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து காயைத் தடவுங்கள். சொரசொரப்பாக, காம்பில்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். கடைசியாகப் புல்லியை எண்ணுங்கள். ஐந்து என்றால் அது கீழாநெல்லி. ஒரு இலையை மென்று பார்ப்பதும் உண்டு. நல்ல கசப்பு இருக்கும். ஆனால் மருந்து தெளிக்கும் நிலத்து ஓரத்தில் நின்று எந்த இலையையும் வாயில் வைக்க வேண்டாம்.

சரக்கில் கலப்படம்

இதையெல்லாம் யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் 25 கடைகளில் பில்லாந்தஸ் சரக்கை வாங்கி, மரபணு முறையில் சோதித்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. 76 சதவீத மாதிரிகளில் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க அமாரஸ் இருந்தது. மீதி 24 சதவீதத்தில் டெபிலிஸ், ஃப்ராட்டர்னஸ், யூரினேரியா, மதராஸ்படென்சிஸ், கோழிக்கோட்டின் பெயர்கொண்ட இன்னொரு செடி என ஐந்து இனங்கள் இருந்தன. அதாவது நான்கில் ஒரு கடையில் நீங்கள் கேட்டது கிடைக்காது.

இது பெரும்பாலும் வேண்டுமென்று செய்யும் கலப்படம் அல்ல. பறிப்பவருக்கு வேறுபாடு தெரியாததுதான். ஆனால் நஷ்டம் ஒன்றுதான். கீழாநெல்லியின் கசப்புக்குக் காரணமான பில்லாந்தின், அதனோடு சேர்ந்த ஹைப்போபில்லாந்தின் ஆகிய பொருட்களின் அளவைச் சோதித்துத்தான் பெரிய மருந்து நிறுவனங்கள் சரக்கைத் தரம் பார்க்கின்றன. இவை அமாரஸில்தான் மிகுதி. யூரினேரியா போன்றவற்றைக் கலந்தால் அளவு இறங்கும். செடிக்குள்ளும் இவை ஒரே அளவில் இல்லை. இலையில் அதிகம், தண்டில் மிகக் குறைவு.

இங்கேதான் கிளை கழன்று விழும் குணம் காசு விஷயமாகிறது. பறித்த செடியைக் கட்டாகக் கட்டி, வெறும் தரையில் போட்டுக் காயவைத்து, கட்டைத் தூக்கிச் சாக்கில் திணித்தால் கீழே இலைக் குச்சிகளும் இலைத்தூளும் கொட்டிக் கிடக்கும். கூட்டித் தள்ளிவிடுவார்கள். சரக்கு அதுதான்; சாக்குக்குள் போனது பெரும்பாலும் வெறும் தண்டு. தார்ப்பாய் அல்லது பழைய வேட்டி விரித்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். வேரில் ஒட்டிய மண்ணைப் பறித்தவுடனே அலசிவிடுவது நல்லது. காய்ந்த பிறகு உதறினால் மண்ணோடு இலையும் போகும். கொட்டியதையும் சேர்த்தே மூட்டை கட்டுங்கள்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பருத்தி, காய்கறி, மல்லிகை வயல்களில் களையாக வளர்ந்த கீழாநெல்லியைப் பிடுங்கி மருந்துக்கு விற்கவோ வீட்டில் அரைக்கவோ கூடாது. பயிருக்கு அடித்த பூச்சிக்கொல்லி அதன் மீதும் படிந்திருக்கும். களைக்கொல்லி அடித்த வரப்பும் அப்படித்தான். மருந்துச் செடி என்பதால் அதில் விஷம் தங்காது என்று எதுவும் இல்லை. சாக்கடை ஓரத்துச் செடியும் வேண்டாம்.

காமாலை வந்தால்?

கீழாநெல்லியைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, அறிகுறி. கண் மஞ்சளாகும், சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகும். அதற்குப் பின்னால் கெட்ட தண்ணீரால் வந்த வைரஸ் இருக்கலாம், ரத்தம் வழியாகப் பரவும் பி வகை வைரஸ் இருக்கலாம், பித்தக்குழாயை அடைத்த கல் இருக்கலாம், குடிப்பழக்கத்தால் கெட்ட ஈரல் இருக்கலாம். தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்ச் சேரும்.

சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க்குடன் சேர்ந்து செய்த ஆய்வு 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பி வகை வைரஸை நெடுநாளாக உடலில் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்றுப் பொடி கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. இனமும், செடி வளர்ந்த இடமும், பறித்த பருவமும் மாறியிருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. எல்லாச் சோதனைகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், இதை மட்டும் நம்பி வைத்தியம் செய்ய ஆதாரம் போதாது என்றே முடிவு சொல்லியிருக்கிறார்கள்.

விவசாயிகளுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து உண்டு. எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் வெறுங்காலோடு, காலில் புண்ணோடு இறங்கி நாற்று நடுபவர்களுக்கும், சேறு மிதிப்பவர்களுக்கும், மாட்டுத் தொழுவத்தில் வேலை செய்பவர்களுக்கும் இது வரும். காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு. முற்றினால் காமாலையும் சேரும், சிறுநீர் குறையும். ஆரம்பத்தில் போனால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்தில் குணமாகும். கண் மஞ்சளானதைப் பார்த்து ஒரு வாரம் கீழாநெல்லியும் மோரும் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்தால் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே காய்ச்சலோடு கண் மஞ்சளானால், தூக்கமும் குழப்பமுமாக இருந்தால், கர்ப்பிணிக்கோ பச்சைக் குழந்தைக்கோ காமாலை கண்டால், முதலில் அரசு மருத்துவமனை. ரத்தம் பார்த்து எந்தக் காமாலை என்று தெரிந்த பிறகு, சித்த மருத்துவரிடம் கேட்டுக் கீழாநெல்லி எடுத்துக்கொள்வது வேறு விஷயம். பல அரசு மருத்துவமனைகளிலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் அங்கே சொல்லிவிட வேண்டும்.

களையாகவும் பயிராகவும்

இதன் விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணின் மேற்பரப்பில் கிடக்கும் விதைதான் முளைக்கும். ஆழத்தில் புதைந்தது காத்திருக்கும், அடுத்த உழவில் மேலே வந்தால் கிளம்பும். அதனால்தான் அடிக்கடி கொத்தும் தோட்டங்களில் இது குறைவதே இல்லை. கரும்புச் சோகை, வைக்கோல் மூடாக்கு போட்ட இடங்களில் குறைகிறது. முளைத்த சில வாரங்களிலேயே பூத்துவிடும். காய் முற்றிக் காய்ந்தால் வெடித்து விதையைத் தெறிக்கும். பாசன வசதி உள்ள இடத்தில் ஒரு வருடத்துக்குள் பல தலைமுறை ஓடிவிடும். களையாக ஒழிக்க வேண்டுமானால் காய் பிடிப்பதற்கு முன் பிடுங்குங்கள். காய் பிடித்துவிட்டால் பிடுங்கியதை வரப்பில் போடாதீர்கள், விதை அங்கேயே கொட்டும். நர்சரியில் வாங்கும் கன்றுப் பைகளிலும் இது வந்து சேரும்; நடுவதற்கு முன் பையின் மேல்மண்ணைப் பாருங்கள். மற்றபடி வேர் ஆழமில்லாத, உயரமில்லாத இந்தச் செடி பயிருக்குப் பெரிய போட்டி அல்ல. நாற்றங்காலிலும் பூப்பாத்தியிலும்தான் தொல்லை.

பயிராகச் செய்வதானால், லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் நவ்யாக்ரித் என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. தண்ணீர் தேங்காத மணற்பாங்கான செம்மண், சுண்ணாம்புச் சத்துள்ள மண் இரண்டும் ஏற்றவை. எக்டருக்கு ஒரு கிலோ விதை போதும். ஏக்கருக்கு 400 கிராம். விதை மிகப் பொடியானது என்பதால் பத்து மடங்கு மணலோடு கலந்து தூவி, மண்ணைப் போட்டு மூடாமல் மேலோட்டமாகக் கை தடவி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூடினால் முளைக்காது என்பதற்குக் காரணம் மேலே சொன்னதுதான். நாற்று அரைச்சாண் வளர்ந்ததும் 15-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் பிடுங்கி நடலாம். மழைக்காலத்தில் இலையில் சாம்பல் நோய் வரும். அறுவடைக்கு நெருக்கத்தில் ரசாயன மருந்து எதுவும் அடிக்காதீர்கள்.

80 முதல் 100 நாளில், செடி பச்சையாக இருந்து காய் நிறையப் பிடித்த நிலையில் அறுவடை. அடி இலை மஞ்சளாகத் தொடங்கினால் தாமதம் ஆகிவிட்டது என்று பொருள். கிளைகள் கழலத் தொடங்கும். எக்டருக்கு 17 டன் போலப் பச்சைச் செடி கிடைத்தாலும் காய்ந்தால் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். விலை பேசும்போது பச்சைக்கா காய்ந்ததற்கா என்று முதலிலேயே தெளிவாகக் கேட்டுவிடுங்கள். வாங்குபவர் யார், எந்தத் தரம் கேட்கிறார், வேரோடு வேண்டுமா இல்லாமலா என்பதை எழுத்தில் வாங்காமல் ஏக்கர் கணக்கில் இறங்குவது சரியல்ல. முதல் முறை பத்து சென்ட் போதும்.

அடுத்த போகத்துக்கு விதை வேண்டுமானால் ஓரமாகச் சில செடிகளை விட்டுவையுங்கள். அவற்றில் புல்லி ஐந்தா என்று ஒவ்வொரு செடியாகப் பார்த்து, மற்றதைப் பிடுங்கிப் போடுங்கள். விதைச் செடியில் ஒன்று தப்பினாலும் அடுத்த வருடப் பாத்தி முழுக்கக் கலப்பாகும். காய் பழுப்பேறியதும், பனி காய்வதற்குள் காலையில் செடியோடு அறுத்து, மெல்லிய துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காய்கள் வெடித்து விதை பையின் அடியில் சேரும். புடைத்தால் பறந்துவிடும் என்பதால், மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து எடுத்துக்கொள்ளலாம்.